மாண்டினீக்ரோ மலையில் ஒரு நிறுத்தம்

போன வாரம் எங்கள் ஊர் மில்பிடாஸில் இந்தியன் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி பிடித்துக்கொண்டாள். மாண்டினீக்ரோ போய்விட்டு வந்தீர்களாமே, குரூப்பில் ஒரு போட்டோகூடக் காணோமே என்று. சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். உங்களிடம் மழுப்ப முடியுமா?

என் கணவருக்குக் கண் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் மட்டும் மிச்சம். ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதைப் போன வருடமே நிறுத்திவிட்டார். அந்த மிச்சமும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மலையும் கடலும் சேர்ந்திருக்கும் இடம் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்றார் இவர். தனக்கென்று எதையும் கேட்காத மனிதர்.

ஏன் மாண்டினீக்ரோ? உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... கிரீன் கார்டு இருந்தால் தனி விசா வேண்டாம். மற்ற ஐரோப்பிய நாடுகளின் விசா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை.

சின்னஞ்சிறு நாடு. ஆனால் மலை கடலுக்குள் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறது. கோட்டோர் வளைகுடாவைச் சுற்றிச் செங்குத்தாகச் சாம்பல் நிறப் பாறை, கரையோரம் சிவப்பு ஓட்டு வீடுகள். நானோ வீட்டிலேயே எக்செல் ஷீட் போட்டுவிட்டேன். தேவாலயம் இருபது நிமிடம், கோட்டை நாற்பது நிமிடம். இறங்க வேண்டியது, படம் எடுக்க வேண்டியது, கிளம்ப வேண்டியது. ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் குரூப்பில் போட வேண்டியது. நம்மவர்கள் டூர் போவதே இப்படித்தானே?

மூன்றாம் நாள் லவ்சென் மலைப்பாதை. நான்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் நிறுத்தினேன். கீழே வளைகுடா முழுவதும் தெரிந்தது. வழக்கம்போல் போனை எடுத்து வீடியோவில் மூழ்கிவிட்டேன்.

"எங்க இருக்க?"

குரலில் பயம். திரும்பினால், இவர் ஒரு கையால் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காற்றைத் துழாவுகிறார். நான் நின்றிருந்தது அவருக்கு இரண்டடி பக்கத்தில்.

இரண்டடி. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் இரண்டடியில் காணாமல் போயிருக்கிறேன். இவ்வளவு முற்றிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். எப்போது வேண்டுமானாலும் இதையெல்லாம் வீட்டு டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று ஏதோ உளறினேன்.

"அப்ப நான் எப்படிம்மா பாப்பேன்?" குரலில் கோபமே இல்லை. "மலையும் கடலும் பாத்தாச்சு. போனை உள்ள வெச்சுட்டு, நீ எனக்கு நேரா வந்து நில்லு."

நின்றேன். காற்றில் கலைந்த தலை, கண் நிறையத் தண்ணீர். இவர் என் நெற்றியிலிருந்து ஆரம்பித்து முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டே வந்தார், அவசரமே இல்லாமல். வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்பத் தோன்றவில்லை.

கூட வருகிறவருக்கு நாமும் பார்க்க வேண்டிய இடம்தான் — கொஞ்ச நேரம் நேரே போய் நிற்கலாமே...