கரடி பங்களா

செண்பகத்தோப்பில் கரடியை மறித்து நின்ற அம்மாளின் மகள் நான். இரண்டாவது உலகச் சண்டை மூள்வதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது என்னை அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள். என் சொந்தப் பெயரை வாத்தியாரம்மாவே மறந்துபோனார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் யாராவது விரல் நீட்டி, "இந்தப் பிள்ளையோட அம்மாதான்" என்று சொன்னால், கேட்காதது போல இரண்டடி மெதுவாக நடப்பேன். மீதியையும் சொல்லி முடிக்கட்டுமே என்றுதான்.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவில் ஒரு ஓட்டு பங்களா. எந்தக் காலத்திலோ காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் மலையேறும் வழியில் தங்குவதற்கென்று கட்டியது. தோப்பை விலைக்கு வாங்கியபோது அதுவும் கூடவே தாத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதில் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருந்தார். அப்பாவுக்குப் பட்டாளத்தில் வேலை. ராவல்பிண்டியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஆகவே தாத்தா காலமான பிறகு தோப்பு, பங்களா, தேங்காய் மட்டை எல்லாம் சித்தப்பாவின் பொறுப்புக்கு வந்தன.

சித்தப்பா சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் போனவர், தங்க வீடு கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக மரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வந்த வேகத்தில் தேங்காய் மட்டையை வெளியே எறிந்து, பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து, நாலு அறைகளிலும் கட்டில் போட்டார். கோடையில் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குடும்பங்கள் ரயிலேறி வந்து தங்கலாம் என்று ஆள் விட்டுச் சொன்னார். சமையல் பொறுப்பு அம்மாவுக்கு. பள்ளிக்கூடம் சாத்தியதும் அம்மாவும் நானும் தோப்புக்குப் போய்விடுவோம்.

முதல் வருஷம் வந்தவர்கள் இரண்டு நாளில் சலித்துப் போனார்கள். குற்றாலத்தில் அருவி விழுகிறது. எங்களிடம் இருந்தது கணுக்கால் நனையும் ஓடையும், குளிக்க ஒரு வாய்க்காலும்தான். குழந்தைகள் மாங்காய் அடித்தன, பெரியவர்கள் தூங்கினார்கள். சித்தப்பாவின் முகம் வாடிப்போயிற்று.

அந்த வாட்டத்தைப் போக்கியது ஒரு கரடி. சமையலறைக் கழிவைத் தோப்பின் ஓரத்தில் கொட்டுவது வழக்கம். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், அங்கே கிடந்த பலாச் சக்கையைத் தின்ன அது வந்தது. முதுகில் இரண்டு குட்டிகள், தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு சவாரி செய்தன. தாழ்வாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. போனபிறகு ஒரே சிரிப்பும் பேச்சும். இன்னும் நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறோம் என்றார்கள். சித்தப்பாவின் கண்ணில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் முதல் அவரே ஒரு கூடையில் பலாச் சக்கையும், அதோடு இரண்டு கை நல்ல சுளையும் எடுத்துப்போய் தாழ்வாரத்துக்கு இன்னும் கிட்டத்தில், கொய்யா மரத்துக்கு இந்தப் பக்கம் கொட்டினார். மேலே வெல்லத் தண்ணீர் தெளித்தார். பிறகு வந்து, தூணில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடிப்பார். மணி கேட்டதும் விருந்தாளிகள் தாழ்வாரத்துக்கு ஏறிவிட வேண்டும், கிராதிக் கதவைச் சாத்திவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். சில நாளில் மணிச் சத்தம் கேட்டதும் கரடியும் புதரை விலக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. அதைச் சித்தப்பா தன்னுடைய பெரிய சாதனையாகச் சொன்னார். கூடவே தன் வேட்டியை லேசாகத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே இருந்த வடுவைக் காட்டி, ஒரு காலத்தில் கரடியோடு கட்டிப் புரண்டதாகவும் சொல்வார். அது சைக்கிள் சங்கிலி கிழித்த வடு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"தம்பி, காட்டு மிருகத்துக்குத் தீனி போட்டுப் பழக்காதிய. அது என்ன நம்ம வீட்டு நாயா?" என்றாள்.

"அது என்ன மதினி செய்யப் போவுது? வருது, திங்குது, போவுது. வாரவிய அம்புட்டுப் பேரும் அதைப் பாக்கத்தான் வாராவ" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. மறு வருஷம் கரடி பங்களா என்றால் ரயிலடியில் வண்டிக்காரர்கள் வேறு வழி கேட்காமல் எங்கள் தோப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா இன்னும் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த இரண்டாவது கோடையில்தான் மதுரையிலிருந்து ஒரு வக்கீல் குடும்பம் வந்தது. அவர், அவர் மனைவி, நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தை அம்மாவை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு சமையலறையிலேயே கிடக்கும். அவர்கள் தங்கியிருந்த நாட்களில் என்ன காரணமோ, கரடி சரியாக வரவில்லை. வந்தாலும் இருட்டிய பிறகுதான் வந்தது. கறுப்பாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. சாயங்கால ரயில். பட்டப்பகலில் ஒருதரம் பார்க்காமல் போகிறோமே என்று வக்கீலுக்குக் குறை. மதுரையில் யாரிடமெல்லாமோ சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அதுக்கென்ன, இப்பவே வரவச்சிருவோம்" என்றார் சித்தப்பா.

வெயில் இன்னும் தணியவில்லை. வக்கீலின் மனைவி உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் அவர்களுக்குக் கட்டுச்சோறு பொதிந்துகொண்டிருந்தாள். நான் வாழையிலையை அடுப்பில் காட்டி வாட்டிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மணி அடிக்கும் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து தண்டவாளத்தை அடித்தார். வக்கீல் தாழ்வாரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தை தாயோடு உள்ளே இருக்கிறது என்று அவர் நினைத்தார். குழந்தை தகப்பனோடு இருக்கிறது என்று தாய் நினைத்தார். குழந்தையோ வாய்க்கால் கரையில், கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்திலிருந்து தெரியாத மறைவில், சிரட்டையில் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது.

சமையலறை ஜன்னல் வழியாக அம்மாதான் முதலில் பார்த்தாள். அந்த வருஷம் ஈன்ற இரண்டு குட்டிகளைச் சுமந்துகொண்டு, கரடி வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சக்கைக்கும் நடுவில் குழந்தை.

அம்மா கத்தவில்லை. அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக்கட்டை ஒன்றை உருவினாள். "ஏட்டி, நீ வெளிய வராத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினாள். ஓடவும் இல்லை. பின்கட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவள் போல நடந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன்.

"பாப்பா, அத்தைகிட்ட வா. ஓடாம, மெள்ள வா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சோறு ஊட்டக் கூப்பிடுகிற அதே குரல். ஆனால் அந்தக் குழந்தை அதற்குள் கரடியைப் பார்த்துவிட்டது. பயப்படக்கூடத் தோன்றாமல், சிரட்டையும் கையுமாக அப்படியே நின்றது. அம்மா போய்க் குழந்தையைத் தன் சேலைக்குப் பின்னால் தள்ளினாள். கொள்ளியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தாள். கரடி நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது திரும்பிப் போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். வக்கீல் அலறினார். சித்தப்பா என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தண்டவாளத்தைப் போட்டு அடித்தார். மிரண்டுபோன கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. குட்டிகள் இரண்டும் முதுகிலிருந்து உருண்டு விழுந்து கத்தின. அந்தக் கத்தலைக் கேட்டதும் அது பாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான். தீப்பொறி பறந்தது. அம்மா குழந்தையின் மேல் கவிழ்ந்து விழுந்தாள். கரடி ஒருமுறை அவள்மேல் அறைந்தது. பிறகு, கத்துகிற குட்டிகளிடம் திரும்பி ஓடி, அவை தொற்றி ஏறக் குனிந்து கொடுத்து, ஓடைப் பக்கமாகப் போயே போய்விட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தபோது இடது கை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்து தொங்கியது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை.

ரயிலடிக்குப் போக வந்து நின்ற வண்டியில்தான் அம்மாவை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் வக்கீலின் மனைவி அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சித்தப்பா வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். ஏறிக்கொள்ளச் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டார். டாக்டரம்மா தையல் போட்டபோது அம்மா பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்தாள். நடுவில் ஓரிடத்தில் வசனம் மறந்துபோக, டாக்டரம்மா எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் காட்டிலாகா ரேஞ்சர் விசாரிக்க வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். வக்கீலும் சித்தப்பாவும் இருந்தார்கள். மனிதரைத் தாக்குகிற கரடி என்றால் சுட்டுவிட ஏற்பாடு செய்யலாம் என்றார் ரேஞ்சர். சித்தப்பா சட்டென்று அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்கய்யா, அது வெறி பிடிச்ச கரடி. மணி அடிச்சா உள்ள வந்திரணும்னு எல்லார்ட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கோம். பிள்ளை தெரியாம வெளிய போயிட்டு" என்றார்.

வக்கீல் தரையைப் பார்த்தார். தன் குழந்தையைக் காப்பாற்றிய வீட்டாரோடு வழக்குப் பேச அவருக்கு மனமில்லை. சித்தப்பா சொன்னது எல்லோருக்கும் சௌகரியமான பதிலாக இருந்தது. கரடியைத் தவிர.

அம்மா தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"கரடி மேல ஒரு தப்பும் இல்லய்யா. அதைச் சுடாதிய. அதை மணி அடிச்சி, பலாப்பழம் வச்சிக் கூப்பிட்டது நாங்க. இவியளையும் வந்து தங்குங்கன்னு கூப்பிட்டது நாங்கதான். ரெண்டு விருந்தாளியையும் ஒரே வீட்டு முத்தத்துல விட்டது எங்க தப்பு. பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும்."

ரேஞ்சர், "இனிமே தீனி வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். "வைக்க மாட்டோம்" என்றாள் அம்மா. சித்தப்பா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது.

எல்லோரும் போனபிறகு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சித்தப்பாதான மணி அடிச்சாவ? நீ வேண்டாம்னுதான சொன்ன? பொறவு எதுக்கு 'எங்க தப்பு'ன்னு சொன்ன?"

"பலாப்பழத்தை அரிஞ்சி கூடையில போட்டுக் குடுத்தது யாருட்டி?"

"நீ."

"அப்பம் என்னட்டி?" என்றாள் அம்மா. வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். அது பதில் என்று எனக்குத் தோன்றவில்லை.

பங்களாவை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மூடவில்லை. தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டோம். சமையல் கழிவையெல்லாம் குழி வெட்டிப் புதைத்தோம். பழகிய ருசியில் கரடி சில நாள் வந்து நின்றது. சித்தப்பா தாழ்வாரத்தில் நின்று தகரத்தைத் தட்டி அதை விரட்டினார். வருகிற குடும்பங்களிடம் அவரே முதல் வேலையாக, பொழுது சாய்ந்தால் வெளியே இறங்கக் கூடாது, ஓடைக்குத் தனியே போகக் கூடாது என்று சொல்லிவிடுவார். பாம்பு, செந்நாய், யானை என்று காட்டில் உள்ளது இல்லாதது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி, பாதிப் பேரை வந்த வண்டியிலேயே திரும்ப அனுப்பியதும் உண்டு. கூட்டம் குறைந்துவிட்டது. மதுரை வக்கீல் குடும்பம் மட்டும் ஒரு கோடை தவறாமல் வந்தது. பிறகு சண்டை வந்தது, பங்களாவில் மறுபடியும் தேங்காய் மட்டை ஏறியது.

பள்ளிக்கூடம் திறந்ததும் நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொள்ளிக்கட்டையைச் சொல்வேன். அம்மா ஓடாமல் நடந்ததை நடந்தே காட்டுவேன். தையல் போடும்போது அழாததைச் சொல்வேன். ஆஸ்பத்திரியில் ரேஞ்சர் வந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஓர் இடத்தில் அம்மா எனக்குக் குறைவாகத் தெரிந்தாள். கரடிக்கே பயப்படாதவள், தொப்பியும் கையுமாக வந்த ஒரு மனிதருக்குப் பயந்து, செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று அந்த வயதில் நினைத்தேன்.