சின்னச் சின்ன மூச்சு

தொடை எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், என் கணவர் தண்ணீர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். வலி என்று நினைத்தேன். உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சங்கரன்கோவிலில் எங்களுக்குப் பாத்திரக்கடை. திருவேங்கடம் சாலையில் பைக் சறுக்கி விழுந்தவரைத் திருநெல்வேலியில் சேர்த்திருந்தோம். முறிந்த எலும்பின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். தீவிர நுரையீரல் பாதிப்பு (காற்றுப்பைகளில் நீர் கோத்து ஆக்சிஜன் ஏறாத நிலை). வென்டிலேட்டரில் (தொண்டைக் குழாய்வழி மூச்சுக் கொடுக்கும் கருவி) வைத்தார்கள்.

"நல்லா பெரிய மூச்சாக் குடுக்கக் கூடாதா டாக்டர்?"

"கூடாதும்மா. நுரையீரல் விறைச்சுப் போயிருக்கு. நிறையக் காத்தை அடைச்சா இன்னும் காயப்படும். சின்னச் சின்ன மூச்சாத்தான் குடுக்கோம்."

தலையாட்டினேன். அழுகை வரவில்லை. கொழுந்தன் செல்வம் கொடுத்த டீயைக் குடித்தேன். சூடா, ஆறியதா, தெரியவில்லை.

அப்படியும் ஆக்சிஜன் ஏறவில்லை. குப்புறப் படுக்கவைத்தால் முதுகுப்பக்க நுரையீரல் விரியும் என்றார்கள்.

செல்வம் பதறினார். "கம்பி வச்ச காலு மதினி. தாங்குமா?"

"காலைப் பாத்துத்தான் திருப்புவோம்," என்றார் டாக்டர். "அதுல எதுவும் ஆனா பிறகு சரி பண்ணிக்கிடலாம். மூச்சு அப்படியில்ல."

"திருப்புங்க டாக்டர்."

கடையில் குடத்துக்கு விலை சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

என்னை உள்ளே விட்டபோது, ஒருபக்கமாகத் திரும்பி வீங்கியிருந்த முகத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நகரப் போனேன்.

மெல்ல ஆக்சிஜன் ஏறியது. மயக்க மருந்தையும் கருவியின் உதவியையும் குறைத்தார்கள். ஒருமுறை குறைத்ததும் திணறினார், மறுபடி கூட்டினார்கள். பிறகு ஒரு காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். "பிழைச்சிட்டார்மா," என்றார் டாக்டர். எனக்குள் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால், அது கல்நெஞ்சம் என்று எண்ண வேண்டாம்.

ஊர் திரும்பும் வழியில் என் கணவர் கார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உளுந்து எப்ப முளைச்சுது? வெறும் கரிசலால்லா கிடந்துச்சு?"

மழை பெய்ததே எனக்குத் தெரியாது. நாட்கள் எல்லாம் ஒரே நீண்ட பகலாகத்தான் கிடந்தன.

நேற்று வாசற்படி ஏறுகையில் மூச்சு வாங்க நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கனமாக இருந்தது. வலித்தது. அந்த வலியைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.