மூலையை விட்டு வெட்டுங்கள்

அப்பா டிபோவும் சிப்துவும் கடைசியாகச் சேர்ந்து செய்தது மண்கல் அறுக்கும் வேலை. குட்டையோரப் பள்ளத்தில் டிபோ களிமண்ணை மிதித்துக் கொடுத்தார். தலைநகர் வாகடூகுவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள், விடுப்பில் வந்தவள், அச்சில் அடைத்துக் கவிழ்த்தாள்.

பள்ளத்தின் ஒரு மூலையில் மண்வெட்டி புரட்டிய கட்டியிலிருந்து ஒரு சின்னத் தவளை விழுந்தது. உப்பிய உடம்பு, கடுகுக் கண், கெட்டியான கூர்மூக்கு.

"பின்னங்காலால தோண்டி இறங்கும், பாருங்கப்பா."

தவளை தலைகுப்புற மூக்கால் குத்திக்கொண்டு இறங்கியது.

"அதுக்குத் தெரியல போல," என்று டிபோ சிரித்தார்.

நகரத்துக்குத் திரும்பியும் அந்தத் தவளை அவளை விடவில்லை. படத்தைப் பலரிடம் காட்டினாள். கண்ணுக்குப் பின்னால் தலைக்குக் குறுக்கே ஒரு தோல்மடிப்பு. அதை வைத்து ஒருவர் இனம் சொன்னார். மண்ணுக்குள் முட்டையிட்டு, மழைநீர் வந்து குஞ்சுகளைக் கொண்டுபோகும்வரை தாய் காத்துக் கிடக்குமாம். போனில் சொன்னாள். அன்றிலிருந்து டிபோ அந்த மூலையில் மண் எடுக்கவில்லை.

பிறகு ஒரு காய்ச்சலில் டிபோ போய்விட்டார். அவள் வந்து சேர்ந்தபோது புதைகுழி தோண்டியாகிவிட்டது. குழியை மூடும் கற்களின் இடுக்கில் பூசச் சேறு வேண்டும். சித்தப்பா லாமுஸ்ஸா நேராக அந்த மூலைக்குப் போனார்.

"அங்க வேண்டாம் சித்தப்பா. அடியில தாய்த்தவளை முட்டையோட இருக்கு."

"அண்ணன் கிடக்கான், உனக்குத் தவளையா?"

மண்வெட்டி உயர்ந்தது. 

அப்போது டிபோவின் சிநேகிதன் பாரே வந்தான். அவன் சாமோ இனத்தான், இவர்கள் மொசி இனம்; இரண்டுக்கும் பழைய கேலி உறவு. இழவு வீட்டிலும் சாமோ கேலி பேசலாம். மொசி கோபப்படக் கூடாது. டிபோவின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் நீட்டிப் படுத்தான்.

"நான்தான் டிபோ! எந்த அடிமைடா என் மண்ணத் தொடறது?"

"எந்திரிடா, திருட்டு சாமோ!"

"கோழி குடு, எந்திரிக்கிறேன். இல்லன்னா அந்தப் பக்கம் வெட்டு."

அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா தலையை ஆட்டியபடி அந்தப் பக்கம் வெட்டினார்.

அடக்கம் முடிந்ததும் சிப்து பாரேயிடம் கேட்டாள்: "மாமா, அந்த மூலை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பன் தினம் இங்கதான் உக்காந்திருப்பான். நாம கொட்டின மண்ணு மேடாகிக் குட்டைய மறிக்குது, தண்ணி இங்க ஏறாது, தவளைக் குஞ்சுங்க குட்டைக்குப் போகாதுன்னு ஒரே புலம்பல். மழைக்கு முன்னாடி வாய்க்கால் வெட்டணும்னான்."

கிழக்கே வானம் கறுத்திருந்தது. மூலைக்கும் குட்டைக்கும் நடுவில் மண்மேடு அப்படியே கிடந்தது. வாய்க்கால் இன்னும் வெட்டியாகவில்லை.