நாற்பத்தொரு கிலோவுக்கு ஒரு மெத்தை

அலுவிகாரையில் பெரிய பாதையிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் கராம்பு வாசம் அடிக்கிற வீடு றஹீமுடையது. வியாபாரம் அவருடையது. வாசத்துக்குள் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி நிஷ்மியா. தோட்டங்களிலிருந்து வரும் பச்சைக் கராம்பைக் காம்பிலிருந்து பிரித்தெடுப்பது அவள் வேலை. ஒரு காலை மடக்கி, உடம்பின் பாரத்தை வலப்பக்க இடுப்பில் போட்டு, தரையில் இருந்தபடியே செய்வாள்.

பாரம் என்று சொன்னாலும் பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பத்தொரு கிலோ. கல்யாணத்தின்போது முப்பத்தெட்டு. "மூணு புள்ள, மூணு கிலோ. தலைக்கு ஒண்ணு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

படுப்பதும் வலப்பக்கம்தான். சிறு வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில், வலது பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத், நபி காட்டிய வழி என்று சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. மல்லாந்து படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் கட்டிலில் கிடந்தது றஹீம் தேடி எடுத்த தென்னந்தும்பு மெத்தை. எண்பத்தைந்து கிலோ மனிதர் மல்லாந்து விழுந்தால் அது சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். நிஷ்மியாவை அது தோளிலும் இடுப்பெலும்பிலும் மட்டும் தொட்டது. நடுவில் இடுப்பு மடிப்பு அந்தரத்தில் நிற்கும். காலையில் இடுப்பெலும்பின் மேல் தோல் கன்றிச் சிவந்திருக்கும். எண்ணெய் தடவிக்கொண்டு கராம்புக்கு முன்னால் போய் உட்காருவாள்.

சென்ற வருடம் கலேவெலயில் இருக்கும் அவள் அக்கா, பீபி ராத்தாவின் வீட்டில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அங்கே லேட்டக்ஸ் மெத்தை. விடியற்காலை சுபஹ் பாங்கு கேட்டு எழும்பியபோதுதான் இடையில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்படி ஒரு மெத்தை வேண்டுமென்று றஹீமிடம் கேட்டாள். தன் உடம்புக்கென்று அவள் கேட்ட முதல் பொருள் அது. மகள் மர்வாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரம்.

"கல்யாணத்துக்கு முந்தியே எடுத்துத் தாறேன். உங்களுக்குப் புடிச்சதப் போய்ப் பாருங்க" என்றார் அவர்.

மர்வாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு மூன்று தடவை போனாள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட கடை. முதல் நாள் எல்லோரையும் போல மெத்தைகளை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை செய்கிற சிங்களப் பிள்ளை ஒருத்தி பின்னாலேயே வந்தாள். தமிழ் ஓரளவுக்குப் பேசுவாள்.

"கையாலயா தூங்குவீங்க, அன்டி? படுத்துப் பாருங்க."

"ரோட்டுக்குத் தெரியுதே!"

அந்தப் பிள்ளை ஒரு கட்டில் விரிப்பை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அபாயாவைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றி, நிஷ்மியா வலப்பக்கமாகச் சாய்ந்தாள். கடையில் விலை கூடிய மெத்தை அதுதான்.

"எப்படி, உம்மா?"

"நம்மட கட்டில் மாதிரியே இருக்கு."

"அது இறுக்கமான லேட்டக்ஸ், அன்டி" என்றாள் விரிப்புக்குப் பின்னாலிருந்து கடைப் பிள்ளை. "நிறை உள்ள ஆள் படுத்தா அது இறங்கிக் குடுக்கும். நீங்க படுத்தா ஆள் வந்ததே அதுக்குத் தெரியாது. உங்களுக்கு மேல்தட்டு மெதுவானது வேணும். இடுப்புக்குக் கீழ மகள் கையப் போட்டுப் பார்க்கட்டும். கை சும்மா போனா சரியில்ல."

மர்வா குனிந்து தாயின் இடுப்பு மடிப்புக்குக் கீழே கையை நுழைத்தாள். மறுபக்கம் வந்துவிட்டது. "பஸ்ஸே போகும் உம்மா!" என்று சிரித்தாள்.

மூன்றாம் தடவை போனபோதுதான் அது கிடைத்தது. கீழே இறுகின தட்டு, மேலே மெதுவான தட்டு. நிஷ்மியாவின் தோள் உள்ளே இறங்கியது, இடுப்பெலும்பும் இறங்கியது, நடுவில் மெத்தை எழும்பி வந்து அவளைத் தொட்டது. மர்வா கையை நுழைக்கப் பார்த்தாள்.

"கை போகுதில்ல உம்மா!"

நிஷ்மியா கண் அசந்திருந்தாள். "அன்டி, எனக்குக் கை கடுக்குது" என்று விரிப்பைப் பிடித்திருந்தவள் கெஞ்சிய பிறகுதான் எழும்பினாள். கட்டிலின் அகலம் ஐந்தடி என்று அவளே சொல்லி எழுத வைத்தாள். செய்து அனுப்ப மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஆகும் என்றார்கள்.

மெத்தை வந்த அன்று, லொறிக்காரர்கள் தூக்கிக்கொண்டு வர, தும்பு மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள். கட்டிலில் போட்டால் மெத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஓரடி அகலம் கூடுதல்.

"அளவு பிழைச்சிட்டு போல" என்றார் றஹீம், லொறியைப் பார்த்துக்கொண்டு.

"ஐஞ்சடின்னு என்ட வாயால சொன்னேனே."

"திருப்பி அனுப்பினா இன்னும் மூணு கிழமை. கல்யாண வீட்டுல இத எங்க வெக்கிற?"

"என்ட கட்டில்ல போட்டுப் பார்ப்போமா, உம்மா?" என்றாள் மர்வா.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். அறையும் கட்டிலும் பெண் வீட்டார் பொறுப்பு. மர்வாவின் புதுக் கட்டில் ஆறடி. மெத்தை அதில் விரல் நுழைய இடமில்லாமல் பொருந்தியது.  "அல்லாஹ் நாடினது" என்று சொல்லிவிட்டு, நிஷ்மியா விரிப்பைத் தானே விரித்து மூலைகளைச் செருகினாள்.

"கல்யாணம் முடிய உங்களுக்கு வேற எடுப்போம்" என்றார் றஹீம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அறை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். "லேட்டக்ஸா?" என்று கேட்டாள். "ஓ மாமி" என்றாள் மர்வா. அவள் குரலில் இருந்த பெருமை நிஷ்மியாவுக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

மாப்பிள்ளை றிஸ்கான் நல்ல பிள்ளை. தொண்ணூற்றாறு கிலோ. நிஷ்மியாவை அளந்து எடுத்த மெத்தையில் அவன் நடுவால் இறங்கித் தொட்டிலில் கிடப்பது போலக் கிடந்தான். மூன்றாம் கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் உம்மா போன் எடுத்துக் குறை சொன்னாள். பகல் சாப்பாட்டில் றஹீம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நான் என்ன செய்ய, மருமகன்? மாமிதான் மூணு தரம் போய்ப் படுத்துப் படுத்துப் பார்த்து எடுத்தது."

றிஸ்கான் சிரித்தான். மர்வாவும் சிரித்தாள். நிஷ்மியா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்க, கடைப் பிள்ளையோடு பழக்கம் என்று, மறுநாள் அவளையேதான் அனுப்பினார்கள். மர்வாவும் கூடப் போனாள்.

"எப்படி அன்டி, நல்லாத் தூங்குறீங்களா?" என்று ஓடி வந்தாள் அந்தப் பிள்ளை.

"எங்க தூங்க? நீங்கதான் அளவப் பிழையா எழுதிட்டீங்களே."

அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். ஐந்தடி என்று எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே ஆறடி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மறுநாள் திகதியும் ஒரு போன் நம்பரும்.

"பிழை எங்கடதில்ல, அன்டி. அடுத்த நாள் போன் வந்தது. மெத்தை யாருக்குன்னும் நான் கேட்டேன். உம்மாக்குத்தான், கட்டில் மாத்துறோம்னு சொன்னாங்க."

நிஷ்மியாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் மூன்றுதான். இது அதில் ஒன்று. திரும்பிப் பார்த்தாள். மர்வா தலையணை அடுக்கின் முன்னால் நின்று, ஒவ்வொன்றின் விலைச்சீட்டையும் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

படுத்த மெத்தையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள்.  ஆட்டோ அலுவிகாரை ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் மர்வாதான் தொடங்கினாள்.

"வாப்பாதான் சொன்னாரு, உம்மா. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் அறை பார்க்க வருவாங்க, ரெண்டு மெத்தை எடுக்க இப்ப வசதியில்லன்னு."

"போன்ல பேசினது யாரு? வாப்பாவா?"

"உங்கள்ட கேட்டிருந்தா நீங்களே தந்திருப்பீங்கதானே."

"தந்திருப்பேன்" என்றாள் நிஷ்மியா. "பிறகு ஏன் கேக்கல்ல?"

 அதன் பதில் நிஷ்மியாவுக்கே தெரியும். கேட்டு வாங்கினால் உம்மா தந்தது என்று ஆகியிருக்கும். அளவு பிழையாக வந்த மெத்தைக்கு யாரும் யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை.

றிஸ்கானுக்கு இறுக்கமான மெத்தை இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. வசதி எங்கிருந்து வந்தது என்று நிஷ்மியா கேட்கவில்லை. அவன் இவ்வளவு நாள் படுத்ததைக் கராம்பு அறைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கலேவெலயில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று றஹீம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உறையின் ஜிப்பை இழுத்துக் கழற்றினாள். துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் காய்ந்த உறையை மாட்டி, கராம்புச் சாக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தரையில் பாய் விரித்து அதன்மேல் மெத்தையைத் தள்ளி விழுத்தினாள். அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

"என்ன செய்றீங்க? மருமகன் படுத்ததில மாமி படுக்கிறதா? ஆக்கள் சிரிப்பாங்க."

"ஆக்கள் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். நோகுற எலும்பு என்ட எலும்பு."

"அப்ப நான் தனிய படுக்கிறதா?"

"உங்களுக்குத் தும்பு மெத்தை நல்லம்தானே. இனி ஒராளுக்கு அகலமும் காணும்."

 றஹீம், யாரோ கூப்பிட்டது போலப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.

பகலில் லுஹர் தொழுதுவிட்டு வந்து நிஷ்மியா வலப்பக்கமாகச் சாய்ந்தாள். ஆறடி அகலத்தில் ஓரமாக ஒரு முழம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது. தோள் இறங்கியது. இடுப்பெலும்பு இறங்கியது. தொண்ணூற்றாறு கிலோ படுத்த சுவடு மெத்தையில் எங்கேயும் இல்லை. கடையில் கிடந்தது போலவே இருந்தது.

மர்வா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மெத்தை அருகில் முழங்காலிட்டாள். உம்மா தூங்குகிறாளா இல்லையா என்று பார்த்தாள். பிறகு மெதுவாக, கடையில் செய்தது போல, இடுப்பு மடிப்புக்குக் கீழே விரல்களை நுழைத்தாள்.

"கை போகுதில்ல உம்மா" என்றாள்.

நிஷ்மியா கண்ணைத் திறக்கவில்லை.

"கைய எடு, மர்வா" என்றாள்.