முன்பின் தெரியாதவராக அடையாறு போன கதை

கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவர மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம். நான் போனது 1996 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேராகப் போனால் ஐந்து கிலோமீட்டர்தான். பூ வாங்குகிறேன் என்று தி. நகர் சுற்றிப் போனதில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆயிற்று.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் வசந்தா, "நான் கல்யாணம் பண்ணிண்ட மனுஷர் நீங்க இல்லை" என்றாள். பேசாமல் காபியைக் குடித்திருக்கலாம். நானோ ஏதோ பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை மனுஷ உடம்பு மொத்தமாக மாறிவிடுமாம். ஆகவே அவள் கல்யாணம் செய்துகொண்ட ஆள் இப்போது எங்குமே இல்லை, அவளும் அந்தப் பழைய வசந்தா இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ முன்னபின்ன தெரியாத மனுஷரோட நான் எதுக்கு ஒரே ஆத்துல இருக்கணும்?"

மதியமே பையை எடுத்துக்கொண்டு அடையாறில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் அக்காதான் எடுத்தார். "அவ குளிச்சிண்டிருக்கா" என்பார். எந்த நேரத்தில் செய்தாலும் குளித்துக்கொண்டே இருந்தாள். பயம் வந்துவிட்டது. ஆபீஸ் நண்பர்கள் திருப்பதி கிளம்பினார்கள். நானும் தொற்றிக்கொண்டு, அவள் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மொட்டை போட்டேன். மீசையும் போயிற்று.

ஊர் திரும்பியதும் லஸ்ஸில் 12பி ஏறினேன். பஸ் பாஸைக் காட்டினேன். கண்டக்டர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"இன்னா நைனா, இதுல தல நெறைய முடி கீது, மீச கீது. உங்கிட்ட இன்னா கீது?"

"மூக்கைப் பாருங்க. அதே மூக்கு."

அவர் பாஸை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து பஸ்ஸுக்கே காட்டினார். "இதே மூக்கு எங்க மாமாவுக்கும் கீது" என்றார் பின்சீட்டுக்காரர். கூடைக்கார அம்மா ஒருவர் மட்டும், "கண்ணு அவரு மாதிரிதான் கீதுப்பா" என்று பரிந்து பேசினார். மாதிரி என்றால் செல்லாதாம். "சும்மா பேசிக்கினு நிக்காத, டிக்கெட் எடு." எடுத்தேன்.

பனகல் பார்க் பக்கத்தில் மூன்று முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, 47ஏ பிடித்து, ஐந்தே காலுக்கு அடையாறு சிக்னலில் இறங்கினேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மாமா, "எல்லாரும் பக்கத்துத் தெரு ஹாலுக்குப் போயிருக்கா. கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர் வந்து பேசறார். 'தேகம் வேறு, நீ வேறு'ன்னு தலைப்பு" என்றார்.

மொட்டைத் தலை, வெள்ளை வேட்டி, கையில் பூ. ஹால் வாசலில் என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ! ரயில் லேட்டா?"

"சார், நான் அவர் இல்லை."

"அதைத்தான் உள்ள வந்து விளக்கமா சொல்லணும்!"

மல்லிகை சாமி படத்துக்குப் போயிற்று. என் கழுத்துக்கு ஒரு மாலை வந்தது. மேடையில் மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். பார்த்தால் மூன்றாவது வரிசையில் வசந்தா. கைகூப்பி, கண்ணில் பக்தியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

"நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லை" என்றேன். ஹால் முழுக்க "ஆஹா!" என்றது.

"சத்தியமா. நான் மயிலாப்பூர்லேர்ந்து பஸ்ல வந்தேன்." கைதட்டல்.

எதைச் சொன்னாலும் தத்துவமாகிவிடுகிறது என்று தெரிந்ததும் வசந்தாவைப் பார்த்தே பேசினேன். "ஆத்துல தனியா இருக்கேன். பேச ஆள் இல்லை. கார்த்தால எழுந்து காபிப் பொடியைத் தேடறேன். எல்லா இடத்துலயும் தேடிட்டேன். கிடைக்கலை."

முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேடல்! தேடல்!" என்றார்.

கூப்பியிருந்த வசந்தாவின் கைகள் பிரிந்தன. எழுந்து நின்றாள்.

"மேல் தட்டுல, மஞ்ச மூடி போட்ட டப்பா! எத்தனை தடவை சொல்றது!"

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் குழப்பம். உண்மையான பேச்சாளர் அரை மணி நேரமாகக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சுருட்டை முடி, சஃபாரி சூட். அவரைத்தான் வாசலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. "நன்னாத்தான் போயிண்டிருந்தது, நிறுத்திட்டேளே" என்று வருத்தத்தோடு மேடை ஏறினார்.

வீட்டுக்கு ஆட்டோவில் முப்பத்தைந்து ரூபாய். அடையாறு பாலத்தில் காற்று அடித்தபோது வசந்தா என் மண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "தேங்கா மாதிரி இருக்கு" என்று சிரிக்க ஆரம்பித்தவள், லஸ் வரை நிறுத்தவில்லை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பூவை மயிலாப்பூரிலேயே வாங்கிவிடுங்கள். மொட்டை போட்டிருந்தால் பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள். உடம்பு மாறுவது பற்றிப் பத்திரிகைகள் சொல்வதை வீட்டில் சொல்லாதீர்கள். என்னைக் காட்டிக்கொடுத்தது முகமில்லை, எதையும் தேடத் தெரியாத குணம்தான். அதைத் திருத்திக்கொள்ளாமலே வைத்திருக்கிறேன்; எதற்கு வம்பு.

அன்று ராத்திரி தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாரும்மா இவரு, ஊர்லேர்ந்து வந்திருக்காரா?" என்று கேட்டார்.

"ஆமாம், புதுசா வந்திருக்கார்" என்றாள் வசந்தா. "வெச்சுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் தீர்மானம் பண்ணலை."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன தீர்மானித்தாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.