பிரிக்காமல் வைத்த கடிதம்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலையில் குண்டு விழுந்து, ஊரை விட்டு ஓடிய சனம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, துறைமுகம் முழுக்கப் போர்க் கப்பல்கள் நின்ற நாட்கள். நான் அப்போது நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு வழக்கறிஞரின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளாக்கர்.

வழக்கறிஞர் என்றால் கொழும்புப் பெரிய ஆள் இல்லை. எல்லைத் தகராறு, காணி உறுதி, படகுச் சண்டை என்று சின்னச் சின்ன வழக்குகள் பேசுகிறவர். வழக்குத் தோற்கும் என்று தெரிந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். உப்புவெளிப் பக்கத்தில் படையினர் முள்ளுக்கம்பி அடித்துத் தோணி இறக்க விடாமல் மறித்தபோது, இவர்தான் நடையாய் நடந்து, காலையில் மட்டும் கடலுக்குப் போக அனுமதி வாங்கிக் கொடுத்தார். பிறகு சட்டசபைக்கு ஓர் இடைத்தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி. அந்தக் கரைச் சனம் ஒருவர் மிச்சமில்லாமல் நடந்து வந்து இவருடைய பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனது.

அவர் மெம்பரானார். தலைக்கனம் மட்டும் எனக்கு வந்தது.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் உறையைப் பிரிக்காமல் கந்தோருக்குக் கொண்டுவருவார்கள். தாங்கள் பிரித்தால் ஏதாவது சட்டச் சிக்கல் வரும் என்று பயம். நான்தான் பிரித்து வாசித்துச் சொல்வேன். சபைக் கூட்டத்துக்குக் கொழும்புக்குப் புறப்படும்போதும் ஐயா, அதுதான் எங்கள் வழக்கறிஞர், எது வந்தாலும் உடனே பிரித்துப் பாரும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். நான் என் பாட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். இனி இது மெம்பரின் கந்தோர், கடிதங்களை அவர் வந்துதான் பிரிப்பார்.

அந்தக் கரையின் மீனவர் சங்கத் தலைவர், வயதான மனிதர், ஒரு நீளமான அரசாங்க உறையோடு வந்தார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தார்.

"தம்பி, ஒருக்காப் பிரிச்சுச் சொல்லுங்கோவன். நாங்கள் கடலுக்குப் போற ஆக்கள்."

வெள்ளிக்கிழமை ஐயா வருவார், பொறுங்கள் என்றேன், தலை நிமிராமலே. ஓம் என்றுவிட்டுப் போனார்.

வியாழன் காலை கடல் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டது. மத்தியானம் செய்தி வந்தது. மற்றத் தோணிகள் தப்பிவிட்டன. தூரப் போயிருந்த தலைவரின் தோணியில் குண்டு விழுந்துவிட்டது, அவருடைய உடலைத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உறையைப் பிரித்தேன். மூன்றே வரி. வியாழன் காலை பீரங்கிப் பயிற்சி நடக்கும், தோணிகள் இறங்கக் கூடாது.

மறுநாள் ரயிலில் வந்து இறங்கிய ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நேரே செத்த வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். தலைவரின் மனைவி எழுந்து வந்து, கந்தோரில் கடிதம் கிடந்ததாமே, அதைப் பிரிக்காமல் வைத்தது ஆர் என்று கேட்டார். முற்றம் நிறைய ஆண்கள் நின்றார்கள். ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் அம்மா. பாக்கவேணும் எண்டு வச்சிட்டு மறந்துபோனன்," என்றார் ஐயா.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

யுத்தம் முடிந்து வந்த தேர்தலில் அந்தக் கரை அவரைக் கைவிட்டது. தோற்றுப்போய்த் திரும்பவும் எல்லைத் தகராறுகளுக்கு வந்தார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டபோது, அது முடிந்த கதை, விடும் என்றார். சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு அந்தக் கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் தலைவரின் மனைவியைத் தேடிப் போனேன். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வைத்தது நான்தான் என்று சொல்லி அழுதேன். அவர் கை நிற்கவில்லை.

"அது அண்டைக்கே எங்களுக்குத் தெரியும், தம்பி. ரெண்டு தரமும் நீங்கள் பிரிக்கேல்லை எண்டு என்ர மனுசன் வீட்டை வந்து சொன்னவர். மெம்பர் கொழும்பில நிண்டதும் தெரியும்."

தெரிந்துமா அவருக்கு வாக்குப் போடவில்லை என்று கேட்டேன்.

"பிணத்துக்கு முன்னால நிண்டு எங்களுக்குப் பொய் சொன்னவர். அவர்ட வாயில பொய் வராது எண்டுதானே அவரைச் சபைக்கு அனுப்பினனாங்கள்."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்த முற்றத்தில் நான் வாய் திறந்திருந்தால் இறந்தவர் திரும்பி வந்திருக்கமாட்டார், ஆனால் ஒரு நேர்மையான மனிதர் எனக்காகப் பொய்யராகி, பொய்யராகவே சாக வேண்டி வந்திருக்காது என்பதை நினைக்காமல் இன்றுவரை எனக்கு ஒரு நாளும் போவதில்லை.