பெரியப்பா தட்டிலிருந்து வந்த சோறு

நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பெரியப்பாவின் வயிற்றை அறுத்துத் தைத்திருந்தார். வயிற்றுப் புண். எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் அதற்குமுன் யாரும் வயிறு அறுபட்டு உயிரோடு திரும்பியதில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஓடும் தழும்பைக் காட்டி, "புண்ணையே வெட்டி எடுத்தாச்சி. இது புது வயிறு" என்பார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பார்.

எனக்கு ஒன்பது வயதில், கரும்பு வெட்டு முடிந்த சமயம், சாப்பாட்டில் எனக்கு யோகம் அடித்தது. தம்பி மகளான நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். பெரியம்மா குழம்பு எடுக்க உள்ளே போனதும் அவர் தட்டுச் சோறு என் தட்டுக்கு வரும். மீன் துண்டும் வரும்.

"இன்னா பெரியப்பா, உனுக்கு வேணாவா?"

"நாலு வாயிலயே ரொம்பிப் போச்சிடி. பெரியம்மாகிட்ட சொல்லாத."

காலித் தட்டைப் பார்த்துப் பெரியம்மா பூரித்துப்போய் இன்னொரு கரண்டி வைப்பாள். அதுவும் எனக்கே. என் கன்னம் உப்பியது. அவர் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. "துன்றதெல்லாம் எங்க போவுது?" என்று பெரியம்மா திகைத்தபோது, நான் வாய் நிறைய மீனோடு சும்மா இருந்தேன். ரகசியம் காப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் காலை மாட்டுக்கொட்டகையில் அவர் காப்பித்தூள் போலக் கறுப்பாக வாந்தியெடுத்தார். என்னைக் கண்டதும் காலால் வைக்கோலைத் தள்ளி மூடினார். நான் பயந்துபோய் ஓடிப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ உடனே அப்பாவை வண்டி கட்டச் சொன்னாள்.

"அறுத்துப் போட்ட வயித்துல மறுபடி இன்னா வரப்போவுது?" என்று வண்டி ஏறும்போதும் பெரியப்பா முனகினார்.

ஆஸ்பத்திரியில் இப்போது வேறு டாக்டர். தழும்பைத் தடவிப் பார்த்து, "அறுத்து எத்தனை வருஷம்?" என்று கேட்டாராம். இருபதுக்கு மேல். தைத்த இடத்திலேயே புற்று வந்திருக்கிறது, இனி அறுத்துப் பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த நடவுக்குப் பெரியப்பா இல்லை.

அவர் சோற்றை நான் தின்றதால்தான் செத்தார் என்று நம்பி, வெகுநாள் மீனைத் தொடவில்லை. அறுத்த வயிற்றில் பல வருஷம் கழித்துப் புற்று வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பது, நான் வளர்ந்த பின் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் பெரியம்மாவிடம் ஏன் மறைத்தார்? அவள் ஏசுவாள் என்ற பயம்தான் என்று நினைத்திருந்தேன். என் முதல் பிரசவத்துக்குத் துணையிருக்க வந்தபோது அவளே சொன்னாள்:

"மொத தரம் அறுத்தப்ப நான் முழுவாம இருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்சதுல புள்ள தங்கல. அதுக்கப்புறம் வயித்த வலிக்குதுன்னு அவரு என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."